காலை ரேடியோவில் பேச்சைக் குறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். காலை நேர எஃப்.எம். நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர்கள் வளவளவென்று பேசுகிறார்கள், உங்கள் வீட்டில் என்ன டிபன், என்ன சட்னி என்று கேட்டு நேரத்தை வீணாக்குகிறார்கள், பாட்டு மட்டும் போட்டால் போதும் என்று அவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து இதற்குப் பதில் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்தப் பேச்சு வேண்டும் ஐயா. அதைக் குறைக்கவே கூடாது. பாட்டு கேட்பதற்கு இன்று எத்தனையோ வழி வந்துவிட்டது. கைபேசியைத் தட்டினால் வேண்டிய பாட்டு வருகிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு ஆளைப் பார்த்து, "இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதை ஊரே காது கொடுத்துக் கேட்க வைப்பது ரேடியோவால் மட்டும்தான் முடிகிறது. என் குறை வேறு. வேலூர் மாவட்டத்தில் உட்கார்ந்து கேட்கிற எங்களுக்கு அந்தப் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாக இல்லை. அதைத்தான் விரிவாக எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குடியாத்தத்தில் என் வீட்டுக்காரரும் நானும் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறோம். விடியற்காலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். ஆகாசவாணி ஒலிபரப்பு தொடங்கியதும் ரேடியோவைப் போட்டுவிடுவேன். மங்கள இசை, பக்திப் பாட்டு, செய்தி என்று அது ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் ஈடு இட்லி இறங்கும். ஏழு மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்ததும் எஃப்.எம்.முக்கு மாறிவிடும். மாற்றுவது நான் இல்லை, சாப்பிட வருகிறவர்கள். தறி நெய்கிறவர்கள், பஸ் கண்டக்டர்கள், பார்சல் வாங்கிப் போகும் பீடி சுற்றும் பெண்கள், ஷூ கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் என்று எல்லாரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து போவார்கள். அவர்கள் பேச்சைத் தொடங்கி வைப்பதே பெரும்பாலும் ரேடியோதான்.

ஒரு மழை நாள் நடந்ததைச் சொல்கிறேன். "மழைக்காலத்தில் உங்கம்மா என்ன செஞ்சு தருவாங்க?" என்று ரேடியோவில் ஒரு பெண் கேட்டார். யார் யாரோ போன் செய்து பஜ்ஜி, மிளகு ரசம், சூடான வடை என்று சொன்னார்கள். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தறிக்கார அண்ணன் ஒருவர், யாரிடமும் அதிகம் பேசாதவர், தோசையைப் பிட்டுக்கொண்டே "எங்கம்மா கேவுரு மாவுல முருங்கைக் கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டும். வேர்க்கடலையை வறுத்து, பூண்டும் காய்ஞ்ச மிளகாயும் வெச்சு அரைச்சுத் தரும்" என்றார். எதிரே பேரணாம்பட்டு கம்பெனி வண்டிக்காக நின்றிருந்த ஒரு பெண், வீட்டில் உருது பேசுகிறவள், "எங்க நானி மழை வந்தா பாயாதான் வெப்பாங்க, இடியாப்பத்துக்கு. ராத்திரியே அடுப்புல ஏத்திருவாங்க, சிம்முல விட்டாத்தான் காலு நல்லா வேகும்" என்றாள். பாயாவுக்குத் தேங்காய் அரைத்து விடுவீர்களா, முந்திரியும் சேருமா என்று அவர் கேட்க, அவள் சொல்ல, வண்டி வந்து ஹாரன் அடிக்கிறவரை பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் பல வருடமாக என் கடைக்கு வருகிறவர்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. இப்போது பார்த்தால் நலம் விசாரித்துக்கொள்கிறார்கள். இதை எப்படி வீண் பேச்சு என்று சொல்வது?

எங்கள் மாவட்டத்துக்கு இந்தப் பேச்சு கூடுதலாகவே தேவை. தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் வீட்டுமொழியாக இருக்கிற ஊர்கள் இங்கே உண்டு. குடியாத்தத்திலிருந்து கொஞ்ச தூரம் போனால் ஆந்திர எல்லை. 1911 வரை சித்தூர் வட ஆற்காடு ஜில்லாவில்தான் இருந்தது. அந்தப் பக்கம் சங்கடி, இந்தப் பக்கம் களி, கேழ்வரகு மாவு ஒன்றுதான். எங்கள் கடைக்கு வருகிற சென்னைக்காரர்கள் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியை எதிர்பார்ப்பார்கள். நாங்கள் வேர்க்கடலைச் சட்னி வைப்போம். மானாவாரியில் கடலை போடுகிற பூமி இது, கையில் இருப்பதைத்தானே அரைப்போம். ஒருவர் தட்டில் இருப்பது இன்னொருவருக்குத் தெரிய வந்தாலே பாதி அந்நியம் போய்விடுகிறது. அதற்கு நாங்கள் தனியாகக் கூட்டம் போட வேண்டியதில்லை, காலையில் ஒரு நல்ல கேள்வி போதும்.

இலேசான பேச்சு என்றால் உள்ளே சரக்கு இல்லாத பேச்சு என்று அந்த வாசகர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சென்னை வானொலியில் காலையில் ‘இன்று ஒரு தகவல்’ சொல்வார். சில நிமிடம்தான். ஒரு செய்தி, ஒரு குட்டிக் கதை, கடைசியில் ஒரு சிரிப்பு. அவர் வேளாண்மை படித்தவர், விவசாய நிகழ்ச்சிகளில் பேசிப் பழகியவர். எதிரே திண்ணையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்கிற நினைப்போடு பேசுவார், அதனால் எங்களிடமே பேசுவது போல இருக்கும். என் அப்பா தறிக்குழியில் கால் வைத்தபடியே கேட்பார், கடைசிச் சிரிப்பு வரும்போது தறிச் சத்தம் ஒரு நிமிடம் நிற்கும். 2009 செப்டம்பரில் அவர் காலமான செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் நாலைந்து பேர் சொந்தக்காரர் போனது போல அதைப் பற்றியே பேசினார்கள். அவர் கனமான விஷயம் எதையும் கனமாகச் சொன்னதில்லை. ஆனாலும் எங்கள் மனதில் தங்கியது அவர் பேச்சுதான்.

இன்னும் முன்னே போனால், 1960களின் பிற்பாதியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகள் பேசிப் பேசியே ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அங்கே விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே சொன்னார்கள். வாய்ப்பேச்சால் ஒரு விதை வயலுக்குள் போயிருக்கிறது. அப்படிப்பட்ட கருவியில் பாட்டு மட்டும் போதும் என்று நாமே சொல்லலாமா?

சரி, இனி என் குறைக்கு வருகிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு எஃப்.எம். நிலையத்தில், பெயர் வேண்டாம், "உங்க ஊர் ஸ்பெஷல் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா பேசினார். குரலிலேயே தெரிந்தது, முதல் தடவையாகப் பேசுகிறார் என்று. "எங்கூருப் பக்கம் முள்ளு கத்திரிக்கா தம்பி. அதுல கொத்சு வெச்சா இட்லி எத்தினி உள்ள போவுதுன்னே தெரியாது" என்று தொடங்கினார். காயை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். "காம்புல இருக்கிற முள்ளு வெறப்பா நிக்கணும், கைய வெச்சா குத்தணும். மடங்கிப் போச்சுன்னா பழைய காயி. அப்புறம் அரிஞ்சதும்..." அவ்வளவுதான். "சூப்பர்ம்மா, சூப்பர், உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது?" என்று தொகுப்பாளர் குறுக்கே புகுந்தார். அந்த அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஏதாச்சும் போடு நைனா" என்றார். உடனே நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது. என் கடையில் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், "அரிஞ்சதும் என்னக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த அம்மா சொல்ல வந்தது சின்ன விஷயம் கிடையாது. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற அந்த முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தித்தாளில் படம் போட்டார்கள், அதிகாரிகள் பேசினார்கள். ஆனால் அதைக் காலங்காலமாக அரிந்து சமைத்த ஒரு பெண்ணுக்குப் பேச இன்னும் ஒன்றரை நிமிடம் தேவைப்பட்டது. அது கிடைக்கவில்லை. அந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பதிலாக வந்த பாட்டு அன்று மாலைக்குள் இன்னும் நாலு தடவை வந்திருக்கும்.

நேயரைப் பேச அழைத்துவிட்டு அவரை முடிக்க விடாதது மரியாதைக் குறைவு. வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்தி "என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும்? விளம்பரத்துக்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டும், அது தெரியும். விளம்பரம் இல்லாமல் நிலையம் நடக்காது. ஆனால் பத்து பேரிடம் அரை அரை நிமிடம் பேசுவதற்குப் பதில் மூன்று பேரிடம் நன்றாகப் பேசலாம். பெயர் என்ன, எந்த ஊர், பிடித்த நடிகர் யார் என்று பத்து பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போவதில் யாருக்கு என்ன கிடைக்கிறது?

கேட்கிற கேள்வியிலும் விஷயம் இருக்கிறது. "பூப் போல இட்லிக்கு என்ன ரகசியம்?" என்று கேட்பார்கள். எல்லாரும் "உளுந்து நல்லா இருக்கணும்" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது. அதையே "நம்ம வேலூர் வெயிலில், அக்னி நட்சத்திரத்தில், மாவு புளித்துப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து பேரிடமிருந்து பத்து விதமாகப் பதில் வரும். மே மாதம் நான் கிரைண்டரில் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஆட்டுவேன், கல் சூட்டிலேயே மாவு பாதி புளித்துவிடும். உப்பைக் கடைசியில்தான் போடுவேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் ஆட்டவே தொடங்குவேன். மார்கழியில் நேர்மாறு. சாயங்காலமே ஆட்டி, குண்டானை அடுப்பு மேடையில் சூடு படுகிற இடத்தில் வைத்துச் சாக்கு போட்டு மூடி வைத்தால்தான் விடியும்போது மாவு பொங்கியிருக்கும். இதையெல்லாம் எங்களிடம் யாரும் கேட்பதில்லை. இந்த ஊரின் வெயிலும் குளிரும் தெரிந்தவர் கேட்டால்தான் இந்தக் கேள்வி வரும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நாட்டுப்புறத்திலிருந்து பேசுகிறவரின் பேச்சை அவர் போனை வைத்ததும் அப்படியே பேசிக் காட்டிச் சிரிக்கிற பழக்கம் சில தொகுப்பாளர்களிடம் இருக்கிறது. உருது வாடையோடு தமிழ் பேசுகிறவர்களையும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஷூ கம்பெனிப் பெண் என்று மேலே எழுதினேனே, அவள் ஒருமுறை போன் செய்து பேச ஆசைப்பட்டு, "வேணாம்க்கா, நான் பேசினா சிரிப்பாங்க" என்று விட்டுவிட்டாள். நல்ல கதை வைத்திருக்கிற பெண் அவள். அவளைப் பேச விடாமல் செய்தது அந்தச் சிரிப்பு. அதே மாதிரி ஆள் மாறாட்டம் செய்து போன் போட்டு ஏமாற்றுகிற விளையாட்டும் வேண்டாம். பக்கத்துத் தெருவில் மெஸ் நடத்துகிறவருக்கு ஒரு நாள் காலையில் முன்னூறு இட்லி ஆர்டர் என்று போன் வந்தது. அவர் இருந்த மாவை எல்லாம் ஊற்றத் தொடங்கிய பிறகு "சும்மா விளையாட்டுக்கு" என்றார்கள். அவருக்கு அன்று வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க மாவு பற்றவில்லை. சிரிக்க வைக்க எத்தனையோ நல்ல வழி இருக்கும்போது உழைக்கிறவன் நேரத்தில் கை வைப்பது எதற்கு?

அப்புறம் ஊர் விசேஷம். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு அம்மனின் சிரசு ஊர்வலமாக வரும். தெருவெல்லாம் சூறைத் தேங்காய், கால் வைக்க இடம் இருக்காது. ஆந்திரா, கர்நாடகாவிலிருந்துகூட வருவார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தீபாவளிக்கு வராவிட்டாலும் சிரசுக்கு வந்துவிடுவார்கள். அன்று நாங்கள் ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை. ஒரு வருடம் அந்த நாள் காலையில் ரேடியோவைத் திருப்பினேன், "சம்மர் லீவுக்கு எந்த மலைக்கு டூர் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பம்பைச் சத்தம் காதைப் பிளக்கிறது, உள்ளே ஊட்டி, கொடைக்கானல் என்று பேச்சு. அந்தக் கூட்டத்தில் ஒரு மைக்கை நீட்டியிருந்தால், சிரசைச் சுமந்து வருகிறவர் வீட்டார் என்ன சொல்கிறார்கள், முதல் தேங்காய் உடைப்பவர் யார், வெளியூரிலிருந்து வந்த மகளுக்கு அம்மா அன்று என்ன சமைத்து வைத்திருக்கிறாள் என்று ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் கிடைத்திருக்கும்.

கூத்தும் அப்படித்தான். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரி விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேஷம் கட்டியவர் பாட்டுப் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். மேலேயிருந்து அவர் போடுகிற எலுமிச்சம்பழத்தையும் பூவையும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடி ஏந்திப் பிடிப்பார்கள். கடைசி நாள் படுகளம், மண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீண்டு கிடப்பார். ராத்திரி கூத்து பார்த்துவிட்டுக் கண் சிவந்து நேராக என் கடைக்கு வந்து டீ கேட்கிறவர்கள் உண்டு. கூத்தாடிகளும் சில நாள் வருவார்கள், முகத்தில் அரிதாரம் முழுசாகப் போயிருக்காது. துரியோதனன் வேஷம் கட்டுகிற ஒருவர் என் கடையில் உட்கார்ந்து, குரல் உடையாமல் இருக்க ராத்திரி என்ன குடிப்பார், கட்டைக் கிரீடம் எவ்வளவு கனம், அதைக் கட்டிக்கொண்டு சுற்றி ஆடினால் கழுத்து எப்படி வலிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே ரேடியோவில் போட்டிருக்க வேண்டிய பேச்சு. இன்று ராத்திரி எந்த ஊரில் கூத்து என்று காலையில் ஒரு வரி சொன்னால் எத்தனை பேர் போவார்கள் தெரியுமா? செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை. அங்கே துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற பெரியவர்களிடம் கேட்டால் கதைக்குப் பஞ்சமே இருக்காது.

இதற்கெல்லாம் சட்டம் இடம் கொடுக்காது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தனியார் எஃப்.எம்.மில் செய்தி சொல்லக் கூடாதே என்றார். இதழியல் படிக்கிற என் அக்கா பேத்தியிடம் கேட்டேன். தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது என்பது உண்மைதான், ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே போடலாம் என்றாள். ஆனால் 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கையில், போக்குவரத்து, வானிலை, கலை நிகழ்ச்சிகள், திருவிழாக்கள், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்சாரம் குடிநீர் பற்றிய அறிவிப்பு, இயற்கைச் சீற்ற எச்சரிக்கை எல்லாம் செய்தி என்ற கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம் என்று தெளிவாகவே இருக்கிறதாம். ஆக, சிரசு ஊர்வலம் எந்தத் தெருவில் வருகிறது என்று சொல்லலாம். நாளைக்கு எந்தப் பக்கம் மின்தடை என்று சொல்லலாம். எங்களைப் போல கிரைண்டரை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! முதல் நாள் தெரிந்தால் முன்னாடியே ஆட்டி வைத்துக்கொள்வோம்.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்ய மகாநதியில் வெள்ளம் வந்ததை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். பாலாற்றிலும் வெள்ளம். பல வருடம் மணலாகவே பார்த்த ஆறு அது. அந்த நாட்களில் காலையில் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: பஸ் எந்த வழியாகப் போகிறது, பாலத்தின் மேல் விடுகிறார்களா? நான் திருப்பிப் பார்த்த நிலையங்களில் சென்னை மழையைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் ஊர்ப் பெயர் காதில் விழவில்லை. தினமும் இலேசாகப் பேசிப் பழகிய குரலாக இருந்தால், அன்று அதே குரல் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று சொல்லும்போது மக்கள் நம்பிக் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் வருவதை யார் அனுப்பியது என்றே தெரியாது. தினமும் காலையில் டிபன் பற்றிப் பேசுகிற ஆளை எங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தின் அருமை அப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்.

மலையடிவாரக் கிராமங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஃப்.எம். அலை நேர்க்கோட்டில் போவது, மலை குறுக்கே வந்தால் அந்தப் பக்கம் இரைச்சல்தான். ஆகாசவாணியின் மத்திய அலை தரையை ஒட்டியே வெகுதூரம் வரும், அதனால்தான் அந்தக் காலத்தில் எந்தக் குக்கிராமத்திலும் சென்னை கேட்டது. எங்களைச் சுற்றி மலைகள். எங்கோ இருக்கிற கோபுரத்தை நம்பினால் சில ஊர்களுக்கு எதுவும் எட்டாது. அந்த ஊர்களுக்குச் சமுதாய வானொலி பொருத்தமாக இருக்கும். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004-லேயே அப்படி ஒன்றைத் தொடங்கியது. 2006-லிருந்து கல்லூரிகள் மட்டும் அல்லாமல் தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்று ஆனது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும், நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாரித்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு வேண்டியது அதுதானே! குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கம் இருக்கிற கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் இதை யோசிக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். தொடங்கினால் காலையில் ஒரு மணி நேரம் வந்து பேச எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது. அந்த ஷூ கம்பெனிப் பெண்ணை நானே அழைத்து வருகிறேன்.

எஃப்.எம். நிலையங்களில் வேலை செய்கிற பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. நாலு மணிக்கு எழுந்து வந்து தூக்கம் தெரியாத குரலில் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று, அதே நேரத்துக்கு எழுந்திருக்கிற எனக்குத் தெரியும். அவர்களுக்கு எழுதிக் கொடுப்பவர்கள் சென்னையில் இருக்கிறார்களோ என்னவோ. வாரத்தில் ஒரு நாளாவது அந்தத் தாளை வைத்துவிட்டு வெளியே வரட்டும். ஆம்பூரில் பிரியாணி கடையில் சீரகச் சம்பா களைகிற இடத்துக்கு, ஆற்காட்டில் மக்கன் பேடா பொரிக்கிற இடத்துக்கு, எங்கள் தறிக்கூடத்துக்கு வரட்டும். என் கடைக்கும் வரலாம், ஏழரை மணிக்கு வந்தால் எல்லாரும் இருப்பார்கள்.

சென்ற வாரம் எழுதிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் ரேடியோவைத் தனியாகக் கேட்காமல் நாலு பேர் உட்காரும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் பாட்டு மட்டும் போதும் என்றால் மறுபடி எழுதுங்கள், நானும் பதில் எழுதுகிறேன்.

கடைசியாக, ஒடுகத்தூர் அம்மா பாதியில் விட்ட கொத்சுவின் மீதி தெரியாமல் அன்று கேட்ட பலர் இருப்பார்கள். அவர் கைப்பக்குவம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் செய்வதை எழுதுகிறேன். அரிந்ததும் கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். சின்ன வெங்காயம், தக்காளி, கீறிய பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, மஞ்சள் தூள் சேர்த்துக் காய் குழைகிறவரை வேகவிட்டு மத்தால் கடைய வேண்டும். மிக்சியில் போடக் கூடாது, கூழாகிவிடும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து விட்டு, உப்பு போட்டு, பச்சை வாடை போகக் கொதிக்கவிடுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மூடி வையுங்கள். ஆறினால் கெட்டியாகும், அப்போது கொஞ்சம் வெந்நீர் விட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டிபன் கடை நடத்தும் வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.